மணத்தக்காளி, சுக்குட்டிக்கீரை: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் உழவர் சந்தைகளில் இதைச் சுக்குட்டிக்கீரை என்று கட்டுப்போட்டு விற்கிறார்கள். மளிகைக் கடையில் இதன் காய் மணத்தக்காளி வத்தலாகக் கிடைக்கிறது. ஏற்காடு போகும் வழியில், மழைக்குப் பிறகு, யாரும் விதைக்காமலே களையாக முளைத்து நிற்கிறது. ஆனால் செடியைப் போனில் படமெடுத்துத் தேடினால் 'கொடிய நஞ்சு' என்று வந்து நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கீரைக்கட்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. மூலிகைதானே என்று பச்சையாக அரைத்துத் தினமும் ஒரு டம்ளர் குடிப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது கீரையா, விஷச்செடியா?

கீரைதான். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிடுகிறோம். கென்யா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் இதன் நெருங்கிய உறவுச் செடிகள் அன்றாடக் கீரைதான்.

அதே சமயம் இந்தச் செடியில் நஞ்சு இருப்பதும் உண்மை. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது இது. சோலனின், சோலசோனின், சோலமார்ஜின் போன்ற கிளைக்கோ ஆல்கலாய்டுகள் இதில் உருவாகின்றன. வெயில் பட்டுப் பச்சை பிடித்த உருளைக்கிழங்கைத் தவிர்க்கச் சொல்கிறார்களே, அதற்குக் காரணமும் இதே வகைப் பொருள்தான். மணத்தக்காளியில் இது அதிகமாக இருப்பது பச்சைக் காயில். விதை முற்றுவதற்குள் யாரும் தின்றுவிடாமல் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. விதை முற்றிக் காய் பழுக்கும்போது அளவு வெகுவாகக் குறைகிறது, இனிப்பு ஏறுகிறது. பிறகு சின்னான் மாதிரியான குருவிகள் பழத்தைத் தின்று விதையை ஊரெங்கும் பரப்பிவிடுகின்றன. காப்பித் தோட்டம், வேலியோரம், மொட்டை மாடித் தொட்டி என்று எங்கும் இது தானாக முளைப்பதன் காரணம் அதுதான்.

இணையத்தில் 'சில பழம் தின்றாலே மரணம்' என்று எழுதியிருக்கிறதே?

அந்த எச்சரிக்கை பெல்லடோனா என்ற வேறொரு செடியைப் பற்றியது. அட்ரோபா பெல்லடோனா என்பது அதன் அறிவியல் பெயர். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்வது. அதன் உறவுச் செடி ஒன்று காஷ்மீர் பக்கத்து இமயமலையில் உண்டு. சேர்வராயன் மலையிலோ சேலம் சமவெளியிலோ அது காட்டுச்செடியாக வளர்வதில்லை.

இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் கறுப்புப் பழம். அதனால்தான் படத்தை வைத்துத் தேடும்போது குழம்பிவிடுகிறது. பெல்லடோனாவின் பூ ஊதா கலந்த மணி வடிவத்தில் தொங்கும். பழம் தனித்தனியாக, சின்ன நெல்லிக்காய் அளவுக்கு வரும், அடியில் புல்லி, அதாவது காம்பை ஒட்டியிருக்கும் பச்சை இதழ் வட்டம், பெரிய நட்சத்திரம் போல் விரிந்திருக்கும். மணத்தக்காளிப் பழம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது, அதுவும் கொத்தாகத் தொங்கும். நஞ்சும் வேறு. பெல்லடோனாவில் இருப்பது அட்ரோபின். நம் ஊரில் அந்த வகை நஞ்சுக்குப் பயப்பட வேண்டிய செடி ஊமத்தை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

செடியை நிச்சயமாக அடையாளம் காண்பது எப்படி?

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இவை எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும்.

செடி முழங்கால் உயரம், நல்ல ஈரம் இருந்தால் இடுப்பு வரை வரும். தண்டிலும் இலையிலும் முள் கிடையாது. இலை முட்டை வடிவம், ஓரம் லேசாக வளைந்தோ பல்லுப்பல்லாகவோ இருக்கும். பூ வெள்ளை, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்பு போல் சேர்ந்து நிற்கும். மிளகாய்ப் பூவைவிடச் சின்னது.

எனக்கு மிகவும் நம்பிக்கையான அடையாளம் பூங்கொத்து பிறக்கும் இடம். பல செடிகளில் பூ இலைக்காம்பின் இடுக்கில் பிறக்கும். மணத்தக்காளியில் இலை இடுக்கை விட்டு விலகி, இரண்டு இலைகளுக்கு நடுவே தண்டிலிருந்தே ஒரு காம்பு கிளம்பும். அதன் நுனியில் நான்கைந்து காய்களோ இன்னும் கூடவோ குடைக்கம்பி மாதிரி விரிந்து தொங்கும். காயின் அடியில் புல்லி சின்னதாக ஒட்டியிருக்கும். அது பெரிதாகி காயை உறை போல மூடியிருந்தால் நீங்கள் பார்ப்பது வேறு செடி.

பூவோ காயோ இல்லாத இளஞ்செடியை, பழக்கப்பட்ட கண் இல்லாமல் காட்டிலிருந்து பறிக்கவே வேண்டாம். காய்க்கும் வரை காத்திருங்கள்.

பழம் சிலது கறுப்பு, சிலது சிவப்பு. எது சரியானது?

இரண்டும் சரிதான். மணத்தக்காளி என்று நாம் சொல்வது ஒரே இனம் இல்லை, நெருங்கிய சில இனங்களின் கூட்டம். சோலனம் அமெரிக்கானம் என்பதற்கு 24 குரோமோசோம், பழம் பளபளப்பான கறுப்பு. சோலனம் வில்லோசம் என்பதற்கு 48, பழம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. சோலனம் நைக்ரம் என்பதற்கு 72, பழம் கருநீலம். பொதுப் பேச்சில் எல்லாவற்றுக்கும் நைக்ரம் என்றே பெயர் ஓடுகிறது.

சிவப்புதான் மருந்துக்கு உகந்தது என்று சிலரும், கறுப்புதான் என்று சிலரும் அடித்துச் சொல்வார்கள். சாப்பிடுகிறவர் பார்க்க வேண்டியது பழுத்துவிட்டதா என்பதை மட்டும். பழுத்த பழம் தொட்டாலே காம்பிலிருந்து கழன்று வரும், அமுக்கினால் மெத்தென்று இருக்கும், பச்சை நிறம் எங்கும் தெரியாது. நாக்கில் கசந்தால் துப்பிவிடுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளில் கடுங்கசப்பு என்பது ஆல்கலாய்டு அதிகம் என்பதற்கான அறிகுறி.

சேர்வராயன் மலையில் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய செடிகள் எவை?

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணில் படுவது உண்ணிச்செடி. அதன் பழமும் கறுப்பு, அதுவும் கொத்து. சுற்றுலா வந்த குழந்தைகள் கை வைப்பது பெரும்பாலும் இதில்தான். இலை சொரசொரவென்று இருக்கும், கசக்கினால் நெடியடிக்கும், தண்டில் கொக்கி முள், பூ மஞ்சளும் சிவப்பும் ரோஜா நிறமும் கலந்த கொத்து. பழங்கள் தொங்காமல் ஒரே உருண்டையாக நெருங்கி நிற்கும். இதன் பச்சைக் காய் நஞ்சு. இலை ஆடு மாடுகளின் கல்லீரலைக் கெடுக்கும்.

உண்மையில் உயிருக்கு ஆபத்தானது ஊமத்தை. சமவெளியில் குப்பைமேடு, சாலையோரம் எங்கும் உண்டு. புனல் போன்ற நீண்ட பூ, முள்ளு முள்ளாக உருண்டைக் காய். இவை வந்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இளஞ்செடியாக இருக்கும்போது இலை மட்டும் பார்த்தால் கீரை பறிப்பவர் ஏமாறக்கூடும். மலை மேல், பங்களாத் தோட்டங்களில், பெரிய பூக்கள் தலைகீழாகத் தொங்கும் ஊமத்தை இனம் ஒன்றை அழகுக்காக வளர்க்கிறார்கள். அதன் பூ, இலை, விதை எல்லாமே அதே நஞ்சு. பூவைப் பறித்துக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

காகிதம் போன்ற உறைக்குள் காய் இருந்தால் இரண்டு வாய்ப்பு. சொடக்குத் தக்காளியாக இருக்கலாம், அதன் பழுத்த பழத்தைத் தின்பது வழக்கம். அமுக்கராவாகவும் இருக்கலாம், உறைக்குள் சிவப்புப் பழம் இருக்கும், அது தின்பதற்கு இல்லை. எதுவென்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி மூன்றும் மணத்தக்காளியின் பங்காளிகள். சுண்டை ஆளுயரப் புதர். தூதுவளை முள்ளுள்ள கொடி, ஊதாப் பூ, சிவப்புப் பழம். கண்டங்கத்திரி தரையோடு படர்ந்து இலையெல்லாம் முள்ளாக இருக்கும். பழத்தில் மஞ்சள் ஏறும்போது பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அது பழமாகத் தின்பதற்கானது இல்லை. சித்த மருத்துவத்தில் அதைப் பயன்படுத்தும் முறை வேறு.

பச்சைக் காயில் நஞ்சு என்றால், வத்தல் போடுவதும் பச்சைக் காயில்தானே?

நல்ல கேள்வி. இதற்கு 'மோரில் ஊறினால் விஷம் முறிந்துவிடும்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி.

வத்தல் போடும் முறையைப் பாருங்கள். முற்றின, ஆனால் பழுக்காத காயைக் காம்பு நீக்கிக் கழுவி, லேசாக நசுக்கியோ கீறியோ, உப்பிட்ட புளித்த மோரில் ராத்திரி ஊற வைக்கிறோம். பகலில் வெயிலில் காய்கிறது. சாயங்காலம் திரும்பவும் மோரில் போடுகிறோம். நாலைந்து நாள் இப்படி நடக்கும். கசப்புப் பொருளில் ஒரு பகுதி மோரில் இறங்குவது உண்மைதான். ஆனால் பல வீடுகளில் அதே மோர் வற்றும் வரை திரும்பத் திரும்ப ஊற வைப்பார்கள். அப்படிச் செய்தால் இறங்கியதில் பெரும்பகுதி காயோடுதான் திரும்பிச் சேர்கிறது. எண்ணெயில் ஒரு நிமிடம் பொரிப்பதாலும் இந்த ஆல்கலாய்டு முழுதாக அழியாது.

அப்படியானால் வத்தக்குழம்பு சாப்பிட்டு நாம் ஏன் நன்றாக இருக்கிறோம்? முக்கியக் காரணம் அளவு. ஒரு ஆள் சாப்பாட்டில் சேர்வது ஒரு கரண்டிக்கும் குறைவான வத்தல். அதன் உப்பும் கசப்புமே நம்மை அதற்கு மேல் தின்ன விடுவதில்லை. கீரைக்கும் வத்தலுக்கும் என்று இங்கே வளர்த்து வருபவை கசப்பு குறைந்த செடிகள் என்பதும் ஒரு காரணம்.

என் யோசனை இது: வீட்டில் போடுகிறவர்கள் முதல் இரண்டு நாள் ஊறிய மோரைக் கொட்டிவிட்டுப் புது மோர் ஊற்றுங்கள். ருசி ஒன்றும் குறையாது. பிறகு, வத்தலை நெய்யில் பொரித்துச் சோற்றில் பிசைந்து சின்னக் குழந்தைக்குத் தினமும் ஊட்டும் பழக்கம் இருந்தால், அதை வாரத்துக்கு ஓரிரு தடவை, நாலைந்து வத்தல் என்று குறைத்துக்கொள்வது நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வத்தலின் ஆல்கலாய்டைவிட அதிலுள்ள உப்புதான் பெரிய கவலை.

நன்றாக வேகவைத்தால் போய்விடாதா?

கொதிக்கும் நீரின் சூடு இந்தப் பொருளைச் சிதைக்கப் போதாது. நீரில் கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். கீரை அதிகமாகக் கசந்தால் வெந்த நீரை வடித்துவிட்டுக் கடையுங்கள். சந்தையில் வாங்கும் இளங்கீரைக்கு அது தேவைப்படாது.

எவ்வளவு உள்ளே போனால் ஆபத்து?

உருளைக்கிழங்கில் உள்ள கிளைக்கோ ஆல்கலாய்டைப் பற்றி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவிலேயே வயிற்றுக் கோளாறு தொடங்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு வெறும் 12 மில்லிகிராம். பெரியவர் ஒருவர் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் அளவு குழந்தையைப் படுக்க வைத்துவிடும் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

மணத்தக்காளிக் காயில் இத்தனை மில்லிகிராம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. இனம், மண், காயின் பருவம் மூன்றையும் பொறுத்து மாறும். அதனால் பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பழுத்த பழத்தையும் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழந்தை பச்சைக் காயைத் தின்றுவிட்டது. என்ன செய்வது?

வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு வாயைக் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அது மூச்சுக்குழாயில் போய் வேறு ஆபத்தை உண்டாக்கும். செடியின் ஒரு கிளையை, காயோடும் பூவோடும், ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தின்றது எது என்று மருத்துவருக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி, சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். அதிக அளவு என்றால் மயக்கமும் குழப்பமும் வரும். உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்தும், மறுநாளும்கூடத் தொடங்கலாம். அதனால் இரண்டு மணி நேரம் குழந்தை நன்றாக விளையாடியது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

வாய் வறண்டு, முகம் சிவந்து, கண்ணின் பாவை விரிந்து, சம்பந்தமில்லாமல் பேசினாலோ இல்லாததைக் கையால் பிடிக்கப் பார்த்தாலோ, தின்றது ஊமத்தையாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலை மேல் இருந்தால் ஏற்காட்டிலேயே முதல் சிகிச்சையை வாங்கிக்கொண்டு கீழே இறங்குங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மலைப்பாதையில் இறங்கும் நேரத்தையும் கணக்கில் வைத்துச் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் கேட்குமா?

சித்த மருத்துவத்திலும் வீட்டு வைத்தியத்திலும் இந்த இரண்டுக்கும்தான் மணத்தக்காளி பேர் பெற்றது. எலிகளில் செய்த ஆய்வுகளில் இரைப்பைப் புண் குறைந்ததாகவும் வந்திருக்கிறது. வாய்ப்புண் வந்தால் இரண்டு மூன்று நாள் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துச் சாப்பிடுவதில் தவறே இல்லை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், அதுவும் புகையிலை, பாக்கு போடும் பழக்கம் உள்ளவருக்கு என்றால், கீரையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அதை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கறுப்பாக மலம் போகிற வயிற்றுப்புண்ணும் அப்படித்தான்.

கல்லீரல் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

அந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மைய விஞ்ஞானிகள் இந்தச் செடியின் இலையிலிருந்து உட்ரோசைடு-பி என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது கல்லீரல் புற்றுச் செல்களை அழிப்பதை ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டினார்கள். 2016-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 2021-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு 'அரிய நோய் மருந்து' என்ற தகுதி கொடுத்தது. மருந்தை மேற்கொண்டு உருவாக்குவதற்கான ஊக்கம்தான் அந்தத் தகுதி. நோயாளிக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதி வேறு.

இலையிலிருந்து தனியாகப் பிரித்த ஒரு பொருள் வேறு, இலைச்சாறு வேறு. சாற்றில் அந்தப் பொருளோடு மற்ற ஆல்கலாய்டுகளும் சேர்ந்து வரும். கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருப்பவர் பச்சைச் சாற்றைத் தினமும் குடிப்பது எனக்கு உண்மையாகவே பயத்தைத் தருகிறது. சிகிச்சையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

எப்போதும்போல் சமைத்த கீரையை அளவாகச் சாப்பிடுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாறு, சூரணம், பச்சைக் காய் மூன்றும் வேண்டாம்.

எங்கே வளர்ந்ததைப் பறிக்கக் கூடாது?

இதை யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் சேலத்துக்காரர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மணத்தக்காளிக்கு ஒரு குணம் உண்டு. மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அதை வேரால் இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். சீனாவில் 2000-களில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியபின், கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்யவே இந்தச் செடியை நடலாமா என்று பார்த்து வருகிறார்கள். செடி வாடாது, இலையில் நிறம் மாறாது, தளதளவென்றுதான் நிற்கும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் சாக்கடையும் சாயக்கழிவும் கலக்கும் திருமணிமுத்தாற்றங்கரை, பட்டறைகளின் பின்புறம், பழைய பேட்டரி, இரும்புக் கழிவு கொட்டும் இடம், குப்பைமேடு இவற்றில் எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும் தொடாதீர்கள்.

மலை மேல் வேறு பிரச்சினை. காப்பித் தோட்டத்தில் இது களை. களைக்கொல்லி அடித்த இடத்தில் மறுவாரம் ஓரத்தில் தப்பி நிற்கும் செடி கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். காப்பி இலையில் வரும் துரு நோய்க்காக மழைக்கு முன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பார்கள். கீழே நிற்கும் கீரையிலும் அது விழும். இலையில் நீலம் கலந்த வெள்ளைத் திட்டு இருந்தால் அதுதான். தோட்டத்து ஆட்களைக் கேட்காமல் பறிக்க வேண்டாம்.

ஆடு மாடு மேய்ந்தால்?

இரண்டு வாய் கடித்தால் ஒன்றும் ஆகாது. பசியோடு இருக்கும் மாடு, காய் பிடித்த செடியை நிறையத் தின்றால் வயிறு கெடும், தள்ளாடும். எரு அதிகம் கொட்டிய இடத்தில் வளர்ந்தால் இலையில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும், அது மாட்டுக்கு இன்னும் ஆபத்து. களையெடுத்த செடியைத் தொழுவத்தில் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

வீட்டிலேயே வளர்க்கலாமா?

தாராளமாக. மேலே சொன்ன இடம் பற்றிய கவலை எல்லாம் இதில் தீர்ந்துவிடுகிறது. நன்றாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, தொட்டியில் தூவுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் மதியத்துக்குக் கொஞ்சம் நிழல் கொடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஆனால் இலை பெரிதாக வரும். நுனியைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் பக்கக் கிளை வெடிக்கும்.

இலையைச் சல்லடை மாதிரி அரித்துவிடும் புள்ளி வண்டு ஒன்று வரும். செம்பழுப்பு முதுகில் 28 கறுப்புப் புள்ளி. கத்தரிக்கும் அதே வண்டுதான் எதிரி, அதனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். காலையில் இலையின் அடிப்பக்கம் பார்த்து முட்டையை நசுக்கிவிட்டால் மருந்து அடிக்க வேண்டியிருக்காது.

எப்படிச் சமைப்பது நல்லது?

எங்கள் பக்கம் கேழ்வரகுக் களிக்குச் சுக்குட்டிக்கீரை கடைசல்தான் ஜோடி. இலையையும் இளந்தண்டையும் மட்டும் எடுத்து, காய் இருந்தால் உதிர்த்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் பாசிப்பருப்பு சேர்த்து வேகவைத்து மத்தால் கடைய வேண்டும். புளி வேண்டாம், கசப்பைத் தூக்கிக்காட்டும். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டி, களியைக் குழித்து அதன் நடுவில் ஊற்றிச் சாப்பிடுங்கள். வாய்ப்புண் உள்ளவர்கள் மிளகாயை விட்டுவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே சமைத்துவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் இலை கறுத்துவிடும்.